உயரம் குறைத்த கார்களுக்கான டயர் அளவு

ஆலையிலிருந்து வந்த நிலையைவிடத் தரைக்கு நெருக்கமாக நிற்கும்படி சஸ்பென்ஷனை மாற்றிய காரை உயரம் குறைத்த கார் என்கிறோம். குட்டை ஸ்பிரிங் போட்டால் பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை இறங்கும். திருகித் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில்ஓவர் வகை போட்டால் அதற்கு மேலும் இறக்கலாம். அத்தகைய காரின் டயர் தேய்ந்து புதிது வாங்கும் நாளில், பழைய அளவையே வாங்குவதா, வேறு அளவுக்குப் போவதா என்ற கேள்வி வருகிறது. தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இதன் விடை எளிது: டயரின் மொத்த விட்டம் ஆலை கொடுத்த அளவை ஒட்டியே இருக்கட்டும், ரிம்மின் விட்டத்தையும் டயரின் அகலத்தையும் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். இந்த விடையை மீறும்போது என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டயரின் பக்கத்தில் 185/60ஆர்14 82எச் என்று எழுதியிருந்தால், 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, ஆர் என்பது ரேடியல் அமைப்பு, 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 சுமைக் குறியீடு. அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தகுதி. மொத்த விட்டம் இந்த எண்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 185-இல் 60 சதவீதம் 111 மி.மீ.; மேலும் கீழும் சேர்ந்து 222; 14 அங்குல ரிம் 355.6 மி.மீ.; கூட்டினால் 577.6 மி.மீ. ஒரு துண்டுக் காகிதம் போதும் இந்தக் கணக்குக்கு. கடைக்காரர் சொல்லும் 'இது அப்படியே பொருந்தும் சார்' என்பதை நம்புவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

இந்த 577.6 மி.மீ. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறைக்கு உரியது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, உலகில் மிக அதிகமாக விற்ற இரட்டை இருக்கை விளையாட்டு காராகக் கின்னஸ் பதிவு பெற்ற கார் இது. நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், சின்ன சக்கர வளைவுகள், குறைந்த எடை. உயரம் குறைப்பவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை இறக்கிப் பார்த்து வருவதால், எந்த அளவு எப்படி நடந்துகொள்ளும் என்பது நன்றாகத் தெரிந்துவிட்டது. உதாரணத்துக்கு இதைவிட நல்ல கார் கிடைக்காது.

விட்டத்தின் கணக்கு

14 அங்குலத்திலிருந்து 15-க்குப் போகிற எம்எக்ஸ்-5 உரிமையாளர்கள் பெரும்பாலும் தேர்வது 195/50ஆர்15. விட்டம் 576 மி.மீ.; வேறுபாடு 0.3 சதவீதம்கூட இல்லை. சுமைக் குறியீடும் அதே 82. மாஸ்டா நிறுவனமே இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இந்த அளவைப் போட்டு விற்றது. 2001-இல் அதே தலைமுறையின் சில வகைகள் 205/45ஆர்16 அளவுக்கு ஏறின. அந்த அளவின் விட்டம் 590.9 மி.மீ., முதல் தலைமுறையின் 577.6-ஐவிட 2.3 சதவீதம் பெரிது. ஆலை உயரத்தில் நிற்கும் காருக்கு அது பொருந்தும், 40 மி.மீ. இறக்கிய காரில் அந்த 13 மி.மீ. எங்கேயாவது உரச இடம் தேடும். 205/40ஆர்17 போட்டால் விட்டம் 595.8 ஆகி 3.15 சதவீதம் கூடுகிறது. பக்கச்சுவரோ 111-லிருந்து 82 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அழகுக்குப் பலர் இதைப் போடுகிறார்கள். இறக்கிய எம்எக்ஸ்-5-க்கு இது தவறான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

மறுபக்கம், உரசலைத் தவிர்க்கச் சின்ன டயர் போடும் வழக்கமும் உண்டு. 195/45ஆர்15-இன் விட்டம் 556.5 மி.மீ. சக்கர வளைவுக்குள் 10 மி.மீ. இடம் கிடைக்கும். ஆனால் அதே 10 மி.மீ. காரின் அடிப்பாகமும் தரையை நோக்கி இறங்கும். ஸ்பிரிங் மாற்றி ஏற்கெனவே இழந்த தரை இடைவெளியை இரண்டாம் முறை இழப்பது இது. வளைவுக்கும் டயருக்கும் இடையே தெரியும் சந்து பெரிதாவதால், காரை இறக்கியதற்கான தோற்றக் காரணமும் பாதி போய்விடுகிறது. இந்த அளவில் சுமைக் குறியீடு 78, அதாவது 425 கிலோ. ஆலை குறித்த 82-க்குக் கீழே போகக் கூடாது என்பது டயர் துறையின் பொது விதி. கார் இலகுவானது, நான்கு டயர் சேர்ந்தால் தாங்கும் என்று வாதாடுவோர், வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது வெளிப்பக்க முன்டயர் ஒன்றின்மேல் வந்து விழும் சுமையைக் கணக்கில் எடுப்பதில்லை.

விட்டம் மாறினால் வேகமானியும் மாறும். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதிப்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே ஆலைகள் அதைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைக்கின்றன. 3 சதவீதம் பெரிய டயர் போட்டால் அந்தக் காப்பு இடைவெளி தின்னப்படுகிறது. முள் 100 காட்டும்போது கார் நினைத்ததைவிட 3 கி.மீ. கூடுதலாக ஓடுகிறது. சின்ன டயரில் இது தலைகீழ்: முள் முந்தும், கியர் குட்டையாகும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். கீழே 3 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம், மேலே 1 அல்லது 1.5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது இறக்கிய கார்களுக்கான நடைமுறை எல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் விரும்பும் 205/50ஆர்15 இந்த மேல் எல்லையில்தான் நிற்கிறது: 586 மி.மீ., 1.45 சதவீதம்.

பலரும் மறக்கிற ஒன்று, புதிய டயர் பழைய டயரைவிடப் பெரியது. புதிதில் சுமார் 8 மி.மீ. ஆழமுள்ள டயர்ப் பள்ளம், பல நாடுகளின் சட்ட எல்லையான 1.6 மி.மீ.க்குத் தேய்ந்தபின் மொத்த விட்டத்தில் 12.8 மி.மீ. குறைந்திருக்கும். எம்எக்ஸ்-5-இன் அளவில் அது 2 சதவீதத்துக்கு மேல். தேய்ந்த டயரில் உரசாமல் ஓடிய கார், அதே அளவில் புது டயர் போட்ட மறுநாள் உரசுவது இதனால்தான். கடைக்காரர் தவறான அளவைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் கொள்ளலாம்.

எங்கே, எப்போது உரசும்

கார் இறங்கியதால் சக்கரம் வளைவுக்குள் புதிதாக ஏறிவிட்டது என்று தோன்றும். நின்ற நிலையில் அது உண்மை. ஆனால் சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல. சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டாப். அதை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால், சக்கரத்தின் மேல் எல்லை ஆலையில் இருந்ததேதான். முன்பு பெரிய பள்ளத்தில் எப்போதாவது தொட்ட அந்த எல்லையை இப்போது சின்ன மேட்டிலும் தொடுகிறது என்பதே வேறுபாடு. ஆலை விட்டமும் ஆலை ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்ற அளவு; விளக்கம் கீழே) உள்ள சக்கரம் அங்கே உரசாது, ஏனென்றால் ஆலை அந்த இடத்தை விட்டுத்தான் வடிவமைத்தது. பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குறைத்தாலோ, உடல் குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டாலோ கதை மாறும். சக்கரம் ஆலை கணக்கிடாத இடத்துக்குள் நுழைகிறது. அப்போது பழைய அளவே உரசலாம். ஆகையால் டயர் அளவைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை மி.மீ. இறக்கினாய்' என்பதல்ல, 'பம்ப் ஸ்டாப் என்ன ஆயிற்று' என்பது.

விட்டம் கூடினால் முன்சக்கரம் திரும்பிய நிலையில் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உள்லைனரின் முன்னும் பின்னும் உரசும். அகலம் வெளியே தள்ளினால் பின்சக்கரம் வளைவின் ஓரத் தகட்டில் உரசும். இரண்டாவது ஆபத்து பெரிது. பிளாஸ்டிக் லைனர் தேயும், தகடோ டயரை அறுக்கும். அந்தத் தகட்டின் உள்மடிப்பைச் சூடாக்கி உருளையால் மேலே மடித்துவிடும் வேலை உண்டு. கவனமாகச் செய்யாவிட்டால் பெயின்ட் வெடித்துத் துரு பிடிக்கும்.

உரசலில் டயரின் அகலத்தைவிட ரிம்மின் ஆஃப்செட் பெரிய குற்றவாளி. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட். எம்எக்ஸ்-5-இன் ஆலை ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. அதற்குப் பதில் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 35 உள்ள ரிம் போட்டால், அகலம் கூடியதால் இரு பக்கமும் 19 மி.மீ.; ஆஃப்செட் குறைந்ததால் மொத்தச் சக்கரமும் 10 மி.மீ. வெளியே. வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. அதே பழைய ரிம்மில் டயரை மட்டும் 185-லிருந்து 195-க்கு மாற்றியிருந்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. அளவில் முடிந்திருக்கும். டயரின் மேல் எழுதியிருக்கும் அகலமும் நிலையானதல்ல. ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ஒரே 195 என்று எழுதிய டயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மி.மீ. வேறுபடும். பந்தய வகை டயர்களின் தோள் சதுரமாக இருப்பதால் எண் ஒன்றானாலும் அவை முதலில் உரசும்.

சஸ்பென்ஷன் வகையும் இதில் பேசும். எம்எக்ஸ்-5-இன் இரட்டை விஷ்போனில் சக்கரம் மேலே ஏற ஏற அதன் உச்சி உள்பக்கம் சாயும். ஓரத் தகட்டிலிருந்து டயர் தானே விலகிக்கொள்கிறது. சின்ன கார்கள் பலவற்றின் முன்பக்கம் உள்ள மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில், அதிகம் இறக்கிய பின் இந்தச் சாய்வு பெரிதாகக் கிடைக்காது. அங்கே உள்பக்கத்தில் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் உள்ள இடைவெளியை விரல்விட்டுப் பார்த்தாக வேண்டும். எந்த வகையானாலும் இறக்கிய பின் வீல் அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போடுவது வீண் செலவு. உள் ஓரம் மட்டும் நூல் தெரியத் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் சாய்வைவிடச் சக்கரங்களின் முன்பக்கம் விலகியோ நெருங்கியோ நிற்கும் டோ கோணம்.

சரிபார்க்க நம்பகமான வழி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுச் சக்கரத்தை மாட்டி, பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது. இதற்குப் பட்டறையும் பொறுமையும் வேண்டும். முடியாதவர்கள் நான்கு பேரை ஏற்றிச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, லைனரில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பக்கச்சுவரும் சாலையும்

காரை இறக்கும்போது சஸ்பென்ஷன் மேலே அமுங்கும் தூரம் குறைகிறது. ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவர் குறைகிறது. சாலையின் அடியை வாங்கும் இரண்டு மெத்தைகளையும் ஒரே நேரத்தில் மெலிதாக்கினால், அடி ரிம்முக்குப் போகும்; ரிம் வளையும், பக்கச்சுவரில் வீக்கம் வரும். 14-லிருந்து 15-க்குப் போவதில் பக்கச்சுவர் 111-லிருந்து 97.5 மி.மீ. ஆகிறது. இது தாங்கக்கூடிய இழப்பு. 17-இன் 82 மி.மீ. அப்படியல்ல. பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடியது என்பதால் சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையும் கூடுகிறது. 15-க்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நல்ல பிடிமானமுள்ள டயர்கள் 14 அங்குலத்தில் அரிதாகிவருகின்றன.

அகல ரிம்மில் ஒடுக்கமான டயரை இழுத்து மாட்டி, பக்கச்சுவர் சரிந்து நிற்கும்படி செய்வது ஜப்பானிலும் ஜெர்மனியிலும் காட்சிக்காகக் காரை இறக்குவோரிடையே பரவிய பழக்கம். உரசாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலம் இன்னதிலிருந்து இன்னது வரை என்று ஐரோப்பாவின் இடிஆர்டிஓ, ஜப்பானின் ஜாட்மா, இந்தியாவின் ஐடிடிஏசி போன்ற அமைப்புகள் வரையறுக்கின்றன. 195/50ஆர்15-க்கு அது 5.5 முதல் 7 அங்குலம். 9 அங்குல ரிம்மில் அதை இழுத்து மாட்டினால், காற்றுக் குறையும்போது டயரின் விளிம்புக் கம்பி ரிம்மை விட்டு நழுவக்கூடும். ரிம்மின் விளிம்பும் சாலைக் குழியின் அடிக்கு நேரடியாக ஆளாகிறது. நிற்கும் காருக்கு மட்டுமே அது சரி.

சட்டம்

ஜப்பானின் கட்டாய வாகனப் பரிசோதனையான ஷாகெனில் தரை இடைவெளி 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிரிட்டனில் எம்ஓடி பரிசோதனையின்போது டயர் காரின் உடலில் உரசினால் தேர்ச்சி கிடையாது. ஜெர்மனியில், ஒப்புதல் சான்றுக்குள் அடங்காத டயரும் ரிம்மும் போட்டால் அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் சோதனை வேண்டும்.

இந்தியாவில் எம்எக்ஸ்-5 விற்கப்படவில்லை, கேள்வி மட்டும் அதேதான். மாருதி ஸ்விஃப்டின் மூன்றாம் தலைமுறையில் கீழ்வகைகளுக்கு 165/80ஆர்14, மேல்வகைகளுக்கு 185/65ஆர்15. விட்டம் முறையே 619.6, 621.5 மி.மீ. நிறுவனமே விட்டத்தைக் காத்துக்கொண்டு ரிம்மை மாற்றிய நல்ல உதாரணம் இது. கீழ்வகை வைத்திருப்பவர் யோசிக்காமல் பின்பற்றலாம். உயரத்தைக் குறைப்பது வேறு விஷயம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; ஊருக்குள் இருப்பவை பல அந்த வரையறையைப் பார்த்ததே இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எனவே இங்கே காரை இறக்க நினைப்பவர் டயர் கடைக்குப் போவதற்கு முன் பதிவுச் சான்றையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படிக்கட்டும்.