பவர்பிசி கணினிகளில் லினக்ஸ்

பவர்பிசி சிப்பை ஆப்பிள், ஐபிஎம், மோட்டோரோலா மூன்றும் 1991இல் கூட்டுச் சேர்ந்து உருவாக்கத் தொடங்கின. அந்தச் சிப் பல வகைக் கணினிகளுக்குள் போனது. ஆனால் சாதாரண மக்கள் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை 1994 முதல் 2006 வரை ஆப்பிள் விற்ற மெக்கிண்டாஷ்கள்தாம். அவற்றில் லினக்ஸை நிறுவ நடந்த முயற்சிகளும், எதிர்ப்பட்ட கோளாறுகளும், கண்ட தீர்வுகளும் இக்கட்டுரையின் பொருள்.

இன்டெல் கணினியில் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸ் நிறுவுகிறவர்கூட பழைய பவர்பிசி மெக்கின் முன் திகைத்துப்போவார். இதில் பயாஸ் கிடையாது. டிஸ்க்கைப் பிரிக்கும் முறை வேறு, பூட் ஆகும் வழி வேறு. பல மாடல்களின் வன்பொருள் விவரங்களை ஆப்பிள் வெளியிடவே இல்லை. ஆகவே பெரும் உழைப்பு, கெர்னல் கண்விழிப்பதற்கு முந்தைய சில நொடிகளுக்காகவே செலவானது. அதைச் செய்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

தொடக்கம்

முதல் பவர் மெக்கிண்டாஷ்கள் 1994 மார்ச்சில் வந்தன: 6100, 7100, 8100. மூன்றிலும் இருந்தது 601 சிப். விரிவாக்க அட்டைகளுக்கு நூபஸ் என்ற பழைய இணைப்பு. இவற்றுக்கு லினக்ஸைக் கொண்டுவர முதலில் பணம் போட்டது ஆப்பிளே. ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புடன் சேர்ந்து, அதன் பிரான்ஸ் நாட்டு கிரெனோபிள் ஆய்வகத்தில் நடந்த வேலை 1996இல் எம்கேலினக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அதில் வன்பொருளைக் கையாண்டது மாக் என்ற மைக்ரோகெர்னல். லினக்ஸ் அதன்மேல் ஒரு சேவகனாக ஓடியது. இடையில் ஓர் அடுக்கு கூடுதலாக இருந்ததால் வேகம் குறைந்தது. 1998இல் ஆப்பிள் அந்தத் திட்டத்தைப் பயனர் சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

எம்கேலினக்ஸைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. நூபஸ் மெக்குகளில் நீண்ட காலம் ஓடியது அது ஒன்றுதான். கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு ஆப்பிள் அதிகாரபூர்வமாகக் கைகொடுத்ததும் அதுவே முதல்முறை.

நிலைத்தது வேறொரு பாதை. கேரி தாமஸ் மோட்டோரோலாவின் பவர்பிசி கணினிகளுக்காகத் தொடங்கியிருந்த வேலையை அடியொற்றி, கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் மக்கெராஸ், மாக் அடுக்கு எதுவுமின்றி லினக்ஸ் கெர்னலை நேரடியாகவே, நூபஸுக்குப் பதிலாக பிசிஐ இணைப்பு கொண்ட அடுத்த மெக்குகளில் ஓட வைத்தார். கார்ட் டூகன் அந்தக் கிளையைப் பராமரித்தார். சற்றுப் பிந்தி வந்த பிரெஞ்சுக்காரர் பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட், மெக்குகளின் பூட் நிரல்கள், உறக்க நிலை, விசிறிக் கட்டுப்பாடு என்று தொடாத பகுதியே இல்லை. மெக்குகளில் லினக்ஸ் அன்றாடம் பயன்படும் நிலைக்கு வந்ததற்கு அவரைவிடப் பெரிய காரணம் வேறு யாருமில்லை என்றே சொல்லலாம்.

பழைய உலகம், புதிய உலகம்

பிசிஐ மெக்குகளில் பயாஸின் இடத்தில் இருந்தது ஓப்பன் ஃபர்ம்வேர். சன் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி உருவாக்கி, 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையான ஏற்பாடு இது. ஃபோர்த் மொழியில் எழுதப்பட்டது. கணினி தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன், ஓ, எஃப் விசைகளைச் சேர்த்துப் பிடித்தால் அதன் கட்டளை வரி திறக்கும். அங்கிருந்தே எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தட்டச்சு செய்யலாம்.

இந்த ஃபர்ம்வேரை ஆப்பிள் நடைமுறைப்படுத்திய விதம் மெக்குகளை இரண்டாகப் பிரித்தது. 1998 ஆகஸ்டில் வந்த ஐமேக்குக்கு முந்தையவை 'பழைய உலகம்'; ஐமேக்கும் அதற்குப் பிந்தையவையும் 'புதிய உலகம்'. லினக்ஸ் நிறுவ உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் கணினி இவற்றில் எந்த உலகம் என்பதைத்தான்.

பழைய உலக மெக்குகளின் ஓப்பன் ஃபர்ம்வேர் பிழைகள் நிறைந்தது. தொடக்கக்கால மாடல்களில் அதன் உரையாடல் திரைக்கே வராது, சீரியல் போர்ட் வழியாகப் போகும். இன்னொரு கணினியைக் கேபிளால் இணைத்தால் ஒழிய அது என்ன சொல்கிறது என்று தெரியாது. இதைச் சுற்றிக்கொண்டு போக ஹெரன்ஷ்மிட் எழுதியதுதான் பூட்எக்ஸ். முதலில் மெக் ஓஎஸ் வழக்கம்போலத் தொடங்கும். பிறகு பூட்எக்ஸ் லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும். ஃபர்ம்வேரோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. மெக் ஓஎஸ்ஸுக்கென்று டிஸ்க்கில் ஒரு சிறு பகுதியை விட்டுவைப்பதுதான் அதற்கான விலை. அதை அழித்துவிட்டு லினக்ஸ் மட்டும் போதும் என்றவர்களுக்கு இருந்த வழி குவிக் என்ற பூட் லோடர். அது ஓப்பன் ஃபர்ம்வேரின் அமைப்புகளை மாற்றி எழுதுவதை நம்பியிருந்தது.

அந்த அமைப்புகள் அழியாமல் இருக்க மதர்போர்டில் ஒரு சிறிய பேட்டரி வேண்டும். பல மாடல்களில் அது 3.6 வோல்ட் லித்தியம், சாதாரண ஏஏ பேட்டரியில் பாதி நீளம். அது செத்துப்போனால் வரும் கோளாறுகள் வினோதமானவை. மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுத்ததும் பழைய உலக மெக் லினக்ஸ் எங்கே இருக்கிறது என்பதையே மறந்திருக்கும். கடிகாரம் பல பத்தாண்டுகள் பின்னால் போயிருக்கும். மெக்கின் நாள்காட்டி தொடங்குவதே 1904 ஜனவரி 1இல்தான். லினக்ஸ் எழுந்தாலும், டிஸ்க் கடைசியாகப் பயன்பட்ட தேதி எதிர்காலத்தில் இருக்கிறது என்று கோப்பு முறைமைச் சோதனை முரண்டு பிடிக்கும். டெபியனில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கப் போனால், அந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று மறுத்துவிடும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களும் இதே காரணத்தால் நிராகரிக்கப்படும். பார்ப்பவர் நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார், டிஸ்க்கைச் சந்தேகிப்பார். மாற்ற வேண்டியது அந்தச் சிறு பேட்டரியை.

புதிய உலகத்தில் நிலைமை சீரானது. ஹெரன்ஷ்மிட்டின் யாபூட் என்ற பூட் லோடரை ஓப்பன் ஃபர்ம்வேரே நேரடியாக ஏற்றியது. ஆனால் அதற்கொரு முறை உண்டு. டிஸ்க் ஆப்பிளின் பார்ட்டிஷன் முறைப்படி பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் 800 கிலோபைட் அளவே உள்ள ஒரு பூட் பகுதி, ஆப்பிளின் எச்எஃப்எஸ் வடிவில், மெக் ஓஎஸ் இருக்கும் பகுதிக்கு முன்னால் அமைய வேண்டும். அந்த வரிசை மாறினால் ஃபர்ம்வேர் முதலில் மெக் ஓஎஸ்ஸைக் கண்டுகொண்டு அதையே தொடங்கிவிடும். இன்டெல் கணினிகளில் பழகிய பார்ட்டிஷன் நிரல்கள் இங்கே உதவாது. மெக்-எஃப்டிஸ்க் என்ற தனி நிரல் வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால், கணினி தொடங்கும்போது லினக்ஸுக்கு எல், மெக் ஓஎஸ் பத்துக்கு எக்ஸ், சிடிக்கு சி என்று ஓர் எளிய பட்டியல் திரையில் வரும்.

பின்னர் மெக் ஓஎஸ்ஸை மறுபடி நிறுவினால் அது பூட் அமைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். லினக்ஸ் அழிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் எதுவும் அழிந்திராது. ஓப்பன் ஃபர்ம்வேரின் கட்டளை வரியிலிருந்து யாபூட்டைக் கையால் அழைத்து லினக்ஸுக்குள் போய், யாபூட்டைப் பூட் பகுதியில் பதிக்கும் ஒய்பின் நிரலை ஒருமுறை ஓட்டினால் போதும். சிடி டிரைவ் பழுதான மெக்குகளுக்கும் வழி இருந்தது. ஃபயர்வயர் வசதியுள்ள மாடல்களில் டி (T) விசையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் மெக் முழுவதும் ஒரு வெளி டிஸ்க்காக மாறும். இன்னொரு மெக்கிலிருந்து அதில் தேவையான கோப்புகளை எழுதிவிடலாம்.

விநியோகங்கள்

லினக்ஸ்பிபிசி என்ற விநியோகம் 1990களின் பிற்பகுதியில் முன்னணியில் இருந்தது. 1999இல் கொலராடோ மாநிலத்தின் டெரா சாஃப்ட் நிறுவனம் யெல்லோ டாக் லினக்ஸை வெளியிட்டது. லினக்ஸ் நிறுவிய மெக்குகளை விற்க ஆப்பிள் உரிமம் கொடுத்தது இந்த ஒரு நிறுவனத்துக்கே. மென்பொருள்களைப் புதுப்பிக்க அது வைத்திருந்த யுப் என்ற கருவியை டியூக் பல்கலைக்கழகத்தில் திருத்தி எழுதியபோது பிறந்தது யம். அதன் பெயரின் முதல் எழுத்து யெல்லோ டாக்கைத்தான் குறிக்கிறது. ரெட் ஹேட், ஃபெடோரா பயனர்கள் பல ஆண்டுகள் தினமும் தட்டச்சு செய்த அந்தக் கட்டளை மெக்குகளுக்கான ஒரு சிறு விநியோகத்திலிருந்து கிளைத்தது என்பது அதைப் பயன்படுத்தியவர்களில் பலருக்குத் தெரியாது.

டெபியன் 2000 ஆகஸ்டில் வந்த 2.2 பதிப்பில் பவர்பிசியை அதிகாரபூர்வமாக ஏற்றது. மான்ட்ரேக், சுசே, ஜென்டூ ஆகியவையும் பதிப்புகள் தந்தன. 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பு வந்தபோதே அதில் பவர்பிசி இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸும் அந்தக் காலத்தில் இரண்டு சிப் கொண்ட பவர் மெக் ஜி5ஐ லினக்ஸுடன் தன் முதன்மைக் கணினியாக வைத்திருந்தார்.

பூட் ஆன பிறகு

திரை கறுத்துப்போவது அடிக்கடி வந்த புகார். ஏடிஐ ரேடியான் அட்டை உள்ள மாடல்களில் கெர்னல் காட்சியமைப்பைத் தன் பொறுப்பில் எடுத்ததும் கணினி உறைந்துபோகும். ஏஜிபி இணைப்பின் வேகவழியை அணைத்துவிட்டு அட்டையைச் சாதாரண பிசிஐ முறையில் ஓடச் சொல்லும் பூட் கட்டளை பெரும்பாலும் இதைத் தீர்க்கும். என்விடியா அட்டை உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம். அந்நிறுவனத்தின் டிரைவர் இன்டெல் வகைக் கணினிகளுக்கே வந்தது. பிறர் ஆய்ந்து எழுதிய நூவோ டிரைவரோ, 64 கிலோபைட் நினைவகப் பக்க அளவில் தொகுக்கப்பட்ட ஜி5 கெர்னல்களில் தடுமாறியது. ஒன்றும் பலிக்காதபோது, ஓப்பன் ஃபர்ம்வேர் தரும் எளிய திரையையே பயன்படுத்தும்படி கெர்னலிடம் சொல்லலாம். வேகம் இராது, ஆனால் எழுத்து தெரியும். எழுத்து தெரிந்தால் மீதியைச் சரிசெய்துகொள்ளலாம்.

வயர்லெஸ் கதை நீளமானது. ஆப்பிளின் முதல் ஏர்போர்ட் அட்டைக்கு டிரைவர் விரைவில் கிடைத்துவிட்டது. 2003இல் வந்த ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீமில் இருந்தது பிராட்காம் சிப். அதன் விவரக்குறிப்பை உற்பத்தியாளர் வெளியிடவில்லை. ஒரு தன்னார்வக் குழு, ஏற்கெனவே இருந்த டிரைவரின் நடத்தையைப் படித்து விவரக்குறிப்பு எழுத, மற்றவர்கள் அதை மட்டும் பார்த்துப் புதிய டிரைவரை எழுதினார்கள். அது கெர்னலுக்குள் வந்தது 2006 ஜூனில், 2.6.17 பதிப்பில். மூன்று ஆண்டுகள் அந்த அட்டை கொண்ட மடிக்கணினிகள் கேபிளில் கட்டுண்டு கிடந்தன. டிரைவர் வந்த பிறகும் சிப்புக்கான ஃபர்ம்வேரைப் பயனரே தனிக் கருவியால் பிரித்தெடுத்து வைக்க வேண்டியிருந்தது. பதிப்புரிமை காரணமாக விநியோகங்கள் அதைச் சேர்த்துத் தர முடியவில்லை.

ஜி5 கணினியின் முதல் மாடலில் 9 விசிறிகள். இயங்குதளம் அவற்றைக் கட்டுப்படுத்தாவிட்டால் அவை முழு வேகத்தில் அலறும். ஹெரன்ஷ்மிட் எழுதிய வெப்பக் கட்டுப்பாட்டு நிரல்கள் வந்த பிறகே ஜி5ஐ லினக்ஸுடன் ஓர் அறையில் வைத்து வேலை பார்க்க முடிந்தது. இன்றும் நிறுவியபின் விசிறிகள் ஓயாமல் இரைந்தால், அந்த நிரல்கள் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஆப்பிளின் ஒற்றைப் பொத்தான் சுட்டியில் வலது கிளிக் இல்லாத குறையைப் பல விநியோகங்கள் எஃப்11, எஃப்12 விசைகளால் தீர்த்தன.

சரிவும் எச்சமும்

2005 ஜூன் 6 அன்று ஆப்பிள் இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தது. 2007இல் உபுண்டு பவர்பிசி பதிப்பைப் பயனர் சமூகத்தின் பொறுப்புக்கு மாற்றியது, 16.10க்குப் பிறகு அதுவும் நின்றது. 2017இல் வந்த டெபியன் 9 பழைய பவர்பிசியைக் கைவிட்டது. முதல் பவர் மெக்குகளின் 601 சிப்புக்கான ஆதரவு 2020இல் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டது. இடையில், பவர்பிசி வகைச் சிப் கொண்ட சோனியின் பிளேஸ்டேஷன் 3 லினக்ஸ் ஓட்டும் வசதியுடன் வந்து நம்பிக்கை தந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று சோனி அதையும் எடுத்துவிட்டது.

இந்த உழைப்பில் விளைந்த ஒன்று மட்டும் உலகெங்கும் பரவியது. கணினிக்குள் என்னென்ன வன்பொருள் எந்தெந்த முகவரியில் இருக்கிறது என்று ஓப்பன் ஃபர்ம்வேர் ஒரு கிளைப்பட்டியலாகக் கெர்னலிடம் கொடுக்கும். ஓப்பன் ஃபர்ம்வேர் இல்லாத பவர்பிசி போர்டுகளுக்கும் இந்த வசதியைத் தர, அதே பட்டியலை ஒரு சிறு கோப்பாகத் தட்டையாக்கும் முறையை 2005 வாக்கில் பவர்பிசி லினக்ஸ் குழுவினர் வகுத்தார்கள். டிவைஸ் ட்ரீ எனப்படும் அந்த முறையைச் சில ஆண்டுகளில் ஆர்ம் கணினிகளும் எடுத்துக்கொண்டன. ராஸ்பெர்ரி பை முதல் ஆண்ட்ராய்டு போன்கள் வரை இன்று அதை வைத்துத்தான் தொடங்குகின்றன.

பழைய மெக்குகளில் இப்போது லினக்ஸ் நிறுவ விரும்புவோருக்கு டெபியனின் அதிகாரபூர்வமற்ற கிளையான டெபியன் போர்ட்ஸ், ஜென்டூ, அடேலி ஆகியவை இருக்கின்றன. டெபியன் போர்ட்ஸில் யாபூட்டின் இடத்துக்கு கிரப் என்ற பூட் லோடர் வந்துவிட்டது. டெபியன் போர்ட்ஸுக்கு நிலையான பதிப்பு கிடையாது. வளர்ச்சியில் உள்ள பதிப்பையே நிறுவ வேண்டும். அதன் கையொப்பச் சாவியும் ஆண்டுதோறும் மாறுவதால், பழைய சிடி படிமத்தைக் கொண்டு நிறுவினால் சாவி காலாவதியாகிப் பாதியில் நிற்கும். புதிய படிமத்தைத் தேடி எடுப்பதே நல்லது. பவர்பிசி எண்களின் பைட்டுகளை இன்டெலுக்கு நேர்மாறான வரிசையில் வைப்பதால், அதைச் சோதிக்காமல் எழுதிய நிரல்களில் சிவப்பும் நீலமும் இடம் மாறி மனித முகங்கள் நீலமாகத் தெரியும். ஜி3 சிப் உள்ளவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. 1999இல் ஜி4உடன் வந்த ஆல்டிவெக் கட்டளைகள் இருக்கும் என்று நம்பித் தொகுக்கப்பட்ட நிரல், ஜி3இல் முறையற்ற கட்டளை என்று சொல்லி நின்றுவிடும். அந்தத் தொகுப்பை மட்டும் ஆல்டிவெக் இல்லாமல் மூலநிரலிலிருந்து மீண்டும் தொகுத்துக்கொண்டால் ஓடும்.