படியிறங்கிய பொம்மை

கொலு பொம்மை பிறக்கும்போதே இரண்டு பாதிதான். முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் பிசைந்த களிமண்ணை அச்சில் அப்பி எடுத்து, ஈரம் காயுமுன் இரு பாதியையும் சேர்த்து, ஒட்டிய தடத்தை விரலால் தேய்த்து மறைப்பார்கள். வெயிலில் காய்ந்து, சூளையில் வெந்து, வண்ணம் ஏறிக் கண்ணும் எழுதிய பிறகுதான் அது லட்சுமி, அல்லது செட்டியார்.

வருஷத்தில் நவராத்திரிக்கு மட்டும் வேலை. மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணிக்குள் பரணில் தூக்கம். விரல் போனால் ஒட்டிப் பார்ப்போம். தலை போனால் கொலுப்படியில் இடமில்லை.

சிற்பக் கலைஞர் பாரதி கேர் கையில் அந்த விதி தலைகீழாகிறது. 1969இல் லண்டனில் பிறந்து, 1990களின் தொடக்கத்தில் டெல்லிக்குக் குடிவந்தவர். நிஜ யானை அளவில் ஃபைபர்கிளாஸ் யானையைத் தரையில் சரியவிட்டு, உடல் முழுக்கப் பொட்டு ஒட்டினார் (2006). அது எழப்போகிறதா, சாகப்போகிறதா என்று சொல்ல முடியாது. கொல்கத்தாவின் பாலியல் தொழிலாளர்களை உட்காரவைத்து, அவர்கள் உடல்களையே பிளாஸ்டர் அச்செடுத்து ‘சிக்ஸ் விமன்’ செய்தார்.

தென்னிந்தியக் கொலு பொம்மைகளையும் அவர் சேகரித்தார்; உடைத்தார். ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் பொருத்தினார். ‘இன்டர்மீடியரீஸ்’ என்ற வரிசை அப்படி உருவானது. மாதொருபாகனையும் நரசிம்மரையும் யாளியையும் கண்டு வளர்ந்த நமக்கு, ஒட்டுடல் அதிர்ச்சி தராது. ஆனால் கோயில் தூணில் அந்த உடல்கள் ஒரே கல்லில் பிறந்தவை. இங்கே உடைந்ததுதான் முதலில்; உருவம் அப்புறம்.

2022 செப்டம்பரில் அந்தப் பொம்மைக் குலத்தின் வாரிசு ஒன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் தென்கிழக்கு வாசலில் நின்றது. ‘ஆன்செஸ்டர்’: 18 அடி உயர வெண்கலத் தாய், மேலெல்லாம் 23 பிள்ளைகளின் தலைகள். பப்ளிக் ஆர்ட் ஃபண்ட் என்ற அமைப்பு அதை நிறுவியது. கையில் அடங்கும் உருவத்தை அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு வளர்த்திருந்தார் கேர். வெண்கலத்தின் மேல் பூசிய வண்ணம், அது மண் வீட்டுப் பெண் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

குயவர் தேய்த்து மறைத்த ஒட்டுத்தடம்தான் கேரின் கலைக்கு முதல். உடைவதை முடிவாக எண்ணி நாம் படியிலிருந்து இறக்கிவிடுகிறோம். அவரோ அங்கிருந்து வம்சத்தைத் தொடங்குகிறார்.