குடத்தில் தெளிந்தது, நகருக்கு?

புதுவெள்ளம் கரைபுரண்டு வரும் நாளில் நம் பாட்டிமார் தேடியது தேற்றாங்கொட்டையை. குடத்தின் உட்புறத்தில் அதைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பர்; சேறு அடியில் தங்கும், நீர் மேலே தெளியும். கலித்தொகையிலேயே இதற்குச் சான்று உண்டு. தேற்றாமரத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்று மனுநீதியே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது! ஆம், வாயால் உரைத்தால் போதாது; குடத்தில் உரைத்தால்தான் தெளியும்.

ஒரு குடத்துக்குக் கொட்டை போதும். ஒரு மாநகருக்கு?

அமெரிக்காவின் லூயிவில் நகரை இக்கேள்வி வாட்டியது. அருகே ஓடும் ஓஹியோ ஆறோ களிமண் கரைந்த நீர். ஆற்றங்கரை நகரங்களில் டைபாய்டு உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. இலண்டனில் 1829 முதல் வெற்றி கண்ட மணற்படுகை முறை இங்கு தோற்றது. நுண்ணிய களிமண் மணலின் துளைகளை அடைத்தது. 1895இல் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார் ஜார்ஜ் ஃபுல்லர். முப்பது வயதும் நிரம்பாத இளைஞர்!

களிமண் ஏன் தானே படியவில்லை? துகள்கள் யாவும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. சேர்ந்தாலன்றோ கனம் கூடும், கனம் கூடினாலன்றோ கீழே இறங்கும்? அலுமினியம் சல்பேட்டைக் கலந்தால் அந்தப் பகை தணிகிறது. நீரிலுள்ள காரத்தோடு அது வினைபுரிந்து, கூழ்போன்ற திரளைகளாகிறது. மண்ணையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் அவை வாரியணைத்துக்கொண்டு படிகின்றன.

ஃபுல்லருக்கு முன்பே இங்கிலாந்தின் போல்டன் நகரம் 1881இல் படிகாரத்தைப் பயன்படுத்தியதுண்டு. 1884இல் ஹயட் என்பவர் அமெரிக்காவில் உரிமையும் பெற்றார். வணிகர் வடிகட்டிகளை விற்றனர். அளவைச் சொல்ல ஆளில்லை. ஃபுல்லர் அவர்களுடைய இயந்திரங்களையே ஒரே ஆற்றுநீரில் ஓட்டிக் கணக்கெடுத்தார். கலங்கல் கூடும்போது மருந்தும் கூடவேண்டும். காரம் குறைந்தால் மருந்து நீரிலேயே தங்கிவிடும். முதலில் படியவிட்டுப் பிறகே வடிகட்டவேண்டும். அப்படிச் செய்தால் பழைய படுகையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு விரைவில் நீர் இறங்கும்.

1898இல் அறிக்கை வெளிவந்தது. 1902இல் நியூஜெர்சி மாநிலத்து லிட்டில் ஃபால்சில் அவருடைய திட்டப்படி நிலையம் எழுந்தது. ஆய்வுக்குத் தம் ஆற்றைத் தந்த லூயிவில் மக்களோ, வடிகட்டிய நீருக்கு 1909 வரை காத்திருந்தார்கள்.