சாபமா, கூலியா?

எகிப்தியக் கல்லறைகளைப் பற்றிய ஆவணப்படங்கள் சிலவற்றைக் கண்டோம். விளக்கு மங்குகிறது, முரசு அதிர்கிறது, "மன்னனின் சாபம்!" என்று ஒரு குரல் மிரட்டுகிறது.

சாபமாம், சாபம்! துட்டன்காமன் கல்லறை கண்டறியப்பட்டது 1922-இல். அகழ்வுக்குப் பொருள் தந்த கார்னர்வன் பிரபு மறு ஆண்டு ஏப்ரலில் மாண்டார். கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறிற்று, இரத்தம் நஞ்சாயிற்று, நுரையீரல் அழற்சியும் சேர்ந்துகொண்டது. முதலில் எட்டிப்பார்த்த ஹோவர்டு கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். உடன் நுழைந்த பிரபுவின் மகள் ஈவ்லின் 1980 வரை! தேவசாபத்திற்குக் கொசுவின் துணை தேவைப்பட்டது போலும்!

2020-இல் வந்த சக்காரா படம் நமக்குப் பிடித்தது. 4,400 ஆண்டுகட்கு முற்பட்ட வாஹ்தியே எனும் பூசாரியின் கல்லறை அது. அங்கே மண் அள்ளும் எகிப்தியத் தொழிலாளரே வாய்திறந்து பேசுகின்றனர்.

அவர்தம் முன்னோரும் வாய்மூடிக் கிடந்தவரல்லர். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்தவர்கள் தேய்ர் எல்-மதீனா என்ற சிற்றூரில் வாழ்ந்தனர். மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வந்து சேரவில்லை. உளியைக் கீழே வைத்தனர். மன்னர் கோயிலருகே சென்று அமர்ந்தனர். எழுத்தில் பதிவாகி நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இதுவே. மன்னனைத் தெய்வமென வணங்கிய நாட்டில், தோழர்களே! அச்செய்தி தாங்கிய பாப்பிரசுத் தாள் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தானியம் வந்தது, பணி தொடர்ந்தது. மீண்டும் கூலி தவறியது. மீண்டும் அவர்கள் சென்று அமர்ந்தனர்.