பெயர் சூட்டப்பட்ட இளவரசி

தலத்தெருவில் இருந்துகொண்டு, 2013-இல் தொடங்கிய 'ஜோதா அக்பர்' தொடரைத் தமிழ்க் குரலில் பார்த்து நெகிழ்ந்தவர்கள் நாங்கள், மறைப்பானேன்? ஆயினும் 1562-இல் அக்பர் மணந்த ஆம்பர் இளவரசியின் பெயரை அக்பர்நாமா குறிப்பிடவில்லை. 'மரியம்-உஸ்-ஸமானி' அரண்மனை தந்த பட்டம். 'ஜோதா' பிற்கால வழக்கு.

எங்கள் காரைக்காலிலும், ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் புனிதவதி, பரமதத்தன் திருக்கல்யாணம் கண்டு மகிழ்கிறோம். 'புனிதவதி' என்பது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன பெயர். அம்மையார் தம் பாடலில் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே குறித்தார்.

அம்மையாரின் அன்பை அவர் சொல்லாலேயே அறிகிறோம். இளவரசியின் காதலையோ வசனகர்த்தாவே பேசுகிறார். தொடரை இரசிப்போம், இவ்வேறுபாட்டை மறவாதிருப்போம்.