பார்த்துக்கொண்டிருக்கும் தலை

புதுவருட மலரில் தலை வெட்டின கதை என்னத்துக்கு என்று கோபிக்க வேண்டாம்.

பாரிஸ் லா சப்பலில் சாமான் வாங்கப் போகும் எங்கட ஆக்கள், 2ஆம் இலக்க மெட்ரோ எடுத்தால் மூன்றாவது தரிப்பு பிகால். அங்கிருந்து சற்று நடந்தால் லா றோஷ்ஃபூக்கோ வீதி, 14ஆம் இலக்க வீடு. ஓவியர் குஸ்தாவ் மொறோ (1826-1898) வாழ்ந்த வீடு அது. தன் படங்களோடு வீட்டையும் அரசுக்கு எழுதிவைத்தார். 1903இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

1870இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது மொறோவும் தேசியக் காவற்படையில் சேர்ந்தார். அடுத்த வருடம் கொம்யூன் கிளர்ச்சி, வீதியெல்லாம் பிணம். அதற்குப் பிந்திய வருடங்களில் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது யோவானின் கதையை.

ஊரிலே மறைக்கல்வி வகுப்பில் படித்த கதைதான். சகோதரனின் மனைவியை எடுத்தது பிழை என்று ஏரோது அரசனுக்கு முகத்துக்கு நேரே சொன்னவர் யோவான். ஏரோதியாளின் மகள் ஆடி, தாய் சொன்னபடி அவருடைய தலையைப் பரிசாகக் கேட்டாள். அவளின் பெயர் சலோமே என்று சொன்னது சுவிசேஷம் அல்ல, யோசேப்பு என்ற வரலாற்றாசிரியர்.

சலோமேக்காக மொறோ வரைந்த ஆயத்தப் படங்கள் மட்டும் 100க்கு மேல். அவற்றின் வழியே வந்த நீர்வண்ணப் படம்தான் ‘தோற்றம்’. 1876இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இப்போது ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். மொறோவின் வீட்டில் இதே காட்சி எண்ணெய்வண்ணத்தில் இருக்கிறது.

வெட்டுண்ட தலை ஒளிவட்டத்தோடு அந்தரத்தில் நிற்கிறது. இரத்தம் நிலத்தில் சொட்டுகிறது. கண்கள் திறந்தபடி. சலோமே கையை நீட்டித் திகைத்து நிற்கிறாள். ஏரோது, ஏரோதியாள், வாத்தியக்காரி, வாளோடு நிற்கும் கொலையாளி, ஒருவருக்கும் அது தெரியவில்லை. கேட்டவளுக்கு மட்டும் தெரிகிறது.

இந்தக் காட்சி வேதாகமத்தில் இல்லை. அங்கே தலை தட்டில் வருகிறது, கதை முடிகிறது. முடிய விடாதவர் மொறோ.

முதல்முறை பார்த்தபோது எங்கட ஒழுங்கையில் இருந்து கொண்டுபோகப்பட்ட ஒரு பொடியனின் முகம் ஞாபகம் வந்தது. கொண்டுபோனவர்களுக்கு அந்த முகம் எப்போதாவது தெரிந்திருக்குமோ என்று யோசித்தேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது: அந்த மண்டபத்தில் சும்மா இருந்த மற்ற ஆக்களும் பார்க்கவில்லையே. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒருநாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ. இது ஆர் என்று கேட்பார்கள். சொல்லுங்கோ.