பீன்ஸ் வந்த வழி

மட்டாஞ்சேரியில் வாழும் நாம் மிளகு வாணிகத்தின் வரலாற்றை நன்கறிவோம். நம் அடுக்களையில் பொரியலாகும் பீன்ஸின் வரலாற்றையும் அறிதல் நன்று.

அமெரிக்க மண்ணிற்குரிய இக்காய் 1492-க்குப் பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவியது. மிகு வெப்பத்திற் பூ உதிருமாதலின் குளிர்ந்த மலைகளே இதற்கேற்றவை. இடுக்கி மாவட்டத்து வட்டவடையிலும் காந்தளூரிலும் இதனைச் சந்தைக்கென விளைவிப்போருட் பலர், முன்னாளில் தமிழகத்தினின்று மலையேறிய குடிகளின் வழிவந்தோர்.

விதைத்து இரண்டு மாதங்களிற் காய் பறிக்கலாம். மிளகு நல்ல விலை வரும்வரை பண்டகசாலையிற் காத்திருக்கும். பீன்ஸோ சில நாட்களில் வாடிவிடும். ஆதலால் வந்த விலைக்கே விற்கும் நிலை உழவர்க்கு நேர்ந்தது. 2001-இல் நிறுவப்பெற்ற கேரளக் காய்கனி மேம்பாட்டு மன்றம், உழவரே கூடி விற்கும் சந்தைகளுக்குத் துணைநின்றது.

காய் வாங்குங்கால் பேரம் பேசும் நாம், மலைமேல் நம் மொழி பேசும் அவ்வுழவரையும் நினைவோமாக!